கேமராவுக்கு வராத காக்கை

கனடாவின் எட்மன்டனில் உறைபனிக்குள் வெள்ளைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு அரை நாள் குந்தியிருந்தாலும் ஏன் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஏதோ பறவைப் பைத்தியம் என்று நாயை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். மயிலாப்பூரில் அக்கா வீட்டுத் தெருமுனையில், முழங்கை நீள லென்ஸைத் தூக்கிய மறு நிமிடம் ஆட்டோக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா சார், எந்த சேனலு?"

"சேனல் இல்லீங்க. பறவை எடுக்கறேன்."

மரத்தை அண்ணாந்து பார்த்தார். "அது இன்னா பண்ணுச்சு?"

அது ஒன்றும் பண்ணவில்லை. பச்சை உடம்பும் சிவந்த மார்புமாக இருக்கும் குக்குறுவான். அதைக் கிட்டத்தில் எடுத்துக் காட்டுவதாக எட்மன்டன் கேமரா சங்கத்தில் வாய்விட்டிருந்தேன். கூட்டம் சேர்ந்ததும் பறந்துவிட்டது. என்ன குற்றம் என்று தெரியாமலே கூட்டமும் கலைந்தது.

மறுநாள் அப்பாவின் திதி. ஊரைவிட்டுப் போன பிறகு நான் நேரில் இருக்கும் முதல் திதி. சமையல் முடியும்வரை சும்மா இருப்பானேன் என்று மொட்டை மாடிக்குப் போனேன். பனிக்காட்டில் ஒளிய வாங்கிய வெள்ளைப் போர்வைக்கு, காய்கிற வேட்டிகளின் நடுவே அப்படி ஒரு பொருத்தம். வெளியே நான் வேட்டி, உள்ளே இட்லி. வெந்துகொண்டிருந்தேன்.

அக்கா இலையோடு வந்து கைப்பிடிச் சுவரில் சோறும் வடையும் வைத்து, "கா... கா..." என்றாள். டிஷ் ஆன்டெனாவில் ஏழெட்டுக் காக்கைகள். ஒன்றுகூட இறங்கவில்லை. எல்லாம் என் போர்வையையே பார்த்தன.

"வருஷா வருஷம் ஒரு தடவ கூப்ட்டா வந்துருவாரே," என்றாள் அக்கா.

படியேறி வந்தார் மாமா, அக்காவின் கணவர். சர்க்கரைக்காரர். காக்கை சாப்பிடாமல் வீட்டில் யாருக்கும் சோறு கிடையாது. "மாத்திர போட்டாச்சு வேணி. அவரு இங்க வர்றதுக்குள்ள நானே அங்க போய் அவரப் பாத்துருவேன் போல."

"சும்மா இருங்க. புள்ள வந்துருக்கான், இன்னிக்கின்னு பாத்து..." என்று நிறுத்திக்கொண்டாள்.

போர்வைக்குள் எனக்குச் சுருக்கென்றது. எட்மன்டன் பால்கனியிலும் ஓர் அமாவாசைக்குச் சோறு வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு மார்கரெட் யாருக்கு என்று கேட்டார். அப்பாவுக்கு என்றேன். உள்ளே கூப்பிடக்கூடாதா, வெளியே குளிருமே என்றார். அவர் இறந்துவிட்டார் என்றேன். மறுநாள் என் வாசலில் மார்கரெட், அந்த ஊரில் துக்க வீட்டுக்குச் சமைத்துக் கொடுக்கும் கேசரோல் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார். சோற்றை அணில் தின்றது. அப்பாவுக்கு அங்கே காக்கையாக வர விசா கிடைக்கவில்லை போலும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இங்கே அந்தச் சாக்கும் இல்லை. மகள் கூப்பிட்டால் வருகிறவர், மகன் வந்த அன்று ஆன்டெனாவில் உட்கார்ந்து முறைக்கிறார்.

"டேய், கேமராவ வெச்சுக்கிட்டு கூப்ட்டா அவரு என்னிக்கிடா வந்தாரு?" என்றாள் அக்கா, எந்த வேட்டி நான் என்று தெரியாமல் பொதுவாக.

உண்மைதான். கேமராவைத் தூக்கினால் அப்பா திரும்பிக்கொள்வார். எங்கள் ஆல்பத்தில் அவர் ஒரு காது, ஒரு முதுகு, வேகமாக வெளியேறும் ஒரு சட்டை. கூடத்தில் மாலையோடு தொங்குவது ரேஷன் கார்டு படத்தைப் பெரிதாக்கியது.

போர்வையைக் கழற்றினேன். கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். கூப்பிட்டுப் பழக்கமில்லாத தொண்டையால், "கா" என்றேன். மாமா பசியிலும் சிரித்துவிட்டார். அப்போது நேர் எதிரே குக்குறுவான் வந்து உட்கார்ந்தது, கை நீட்டினால் தொடும் தூரத்துக் கிளையில். சங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டும் தூரம். என் கை பைக்குப் போனது. திரும்பி வந்தது.

"கா," என்றேன் மறுபடி.

ஒரு காக்கை இறங்கியது. என்னை ஒரு கண்ணால் பார்த்தது, வடையை மறு கண்ணால். வடையை எடுத்தது.

"வந்துட்டாரு, எல போடு," என்று மாமா, தன் போனில் அவசரமாக ஒரு படம் எடுத்துக்கொண்டே கீழே ஓடினார்.

அந்தப் படம்தான் இப்போது எட்மன்டனில் என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. நடுவில் சோறு. ஒரு ஓரத்தில் வெளியே போகும் வால், மறு ஓரத்தில் என் காது. சங்கத்து நண்பர்கள் வந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இது என்ன பறவை என்று கேட்கிறார்கள்.

குடும்பப் படம் என்கிறேன்.