நடுத்தட்டு என்னுடையது

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் நடுத்தட்டு என்னுடையது. அதில் வேறு யாரும் கை வைப்பதில்லை. பெருநாள் வந்தாலும் சரி, வீடு நிறைய விருந்தாளிகள் வந்தாலும் சரி, அந்தத் தட்டில் ஓர் எலுமிச்சம்பழம்கூட ஏறாது. திண்டுக்கல் பேகம்பூரில் ஃபிரிட்ஜ் இல்லாத வீடு இன்றைக்கு அபூர்வம். ஆனால் அதில் தனக்கென்று ஒரு தட்டைச் சண்டை போட்டு வாங்கியவள் அநேகமாக நான் ஒருத்திதான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

அந்தத் தட்டில் இருப்பது உடம்பு குறைவதற்கான ஊசி மருந்து. பார்க்கப் பேனா மாதிரி இருக்கும். வாரம் ஒருமுறை வயிற்றில் நானே குத்திக்கொள்கிறேன். சர்க்கரைக்கா என்று கேட்காதீர்கள். எனக்குச் சர்க்கரை இல்லை, உடம்பு குறையத்தான் போட்டுக்கொள்கிறேன்.

காரணம் என் முழங்கால்கள். நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தா எனக்கு இல்லாமல் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தலையை மட்டும் குனிந்து தொழுதேன். முடியாதவர்களுக்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு, அதில் குறையொன்றும் இல்லை என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அது குறையாகத்தான் இருந்தது. பக்கத்தில் என் மாமியார், எழுபதைத் தாண்டியவர், தரையில் விழுந்து விழுந்து எழுவார். தொழுகை முடிந்து ஸலாம் கொடுக்கத் தலையைத் திருப்பும்போது அவர் கண் என் நாற்காலியின் மேல் ஒரு நிமிஷம் நிற்கும். ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

கொள்ளு ரசம், வெந்தயத் தண்ணீர், மலைக்கோட்டை அடிவாரத்தில் காலை நடை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. நடந்தால் முழங்கால் வீங்கும், வீங்கினால் நடை நிற்கும், நின்றால் எடை ஏறும். கடைசியில் டாக்டரம்மா என் ரத்தப் பரிசோதனைகளையெல்லாம் பார்த்துவிட்டு இந்த ஊசியை எழுதிக் கொடுத்தார். எடை இறங்கினால் கால் மடங்கும் என்றார். எனக்கு அது போதும்.

மருந்துக்கடையில் பேனாவைக் கொடுக்கும்போதே அதை வளர்க்கும் முறையையும் சொன்னார்கள். ஃபிரிட்ஜில் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். கதவில் வேண்டாம், திறந்து மூடும்போது சூடு ஏறும். பின்பக்கச் சுவரை ஒட்டியும் வேண்டாம், உறைந்துவிடும். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. ஆரம்பித்த பேனாவைக் கொஞ்ச நாள் வெளியிலும் வைக்கலாம், ஆனால் அறை முப்பது டிகிரியைத் தாண்டக் கூடாது என்றார்கள். வெயில் காலத்தில் திண்டுக்கல்லில் அப்படி ஓர் அறையை யாராவது எனக்குக் காட்டினால் அங்கேயே குடிபோய்விடுவேன்.

என் வீட்டுக்காரர் தோல் மண்டி வைத்திருக்கிறார். உப்புப் போட்ட தோல் எவ்வளவு தாங்கும் என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். ஊசி விஷயத்தில் அவர் சொன்னது இதுதான்:

"யாரு கேட்டாலும் சுகருக்குன்னு சொல்லிரு. சுகர் ஊசின்னா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாக."

அவர் சொன்னது உண்மை. சர்க்கரைக்காரருக்கு எங்கள் பக்கம் ஒரு மரியாதை உண்டு. கல்யாண வீட்டில் அவருக்கென்று தனியாகச் சர்க்கரை இல்லாத டீ வரும். உடம்பு பெருத்தவளுக்கு வருவதெல்லாம் புத்திமதி மட்டும்தான். அப்படியும் எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. அதனால் சொல்லாமலே இருந்துவிடலாம் என்று, நோன்புக்கு வாங்கிய பேரீச்சம்பழ டப்பா காலியானதும் அதற்குள் பேனாவை வைத்து, நடுத்தட்டில் கீரைக்கட்டுக்குப் பின்னால் ஒளித்தேன். காதும் காதும் வைத்த மாதிரி சில வாரங்கள் ஓடின. நாற்காலியிலிருந்து எழும்போது கை ஊன்றுவது குறைந்தது. எனக்கு மட்டும் தெரிந்த சந்தோஷம் அது.

பக்ரீத் வந்தது. குர்பானி கறியை மூன்று பங்காகப் பிரித்து, இல்லாதவர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கொடுத்தது போக வீட்டுப் பங்கு என்று ஒன்று நிற்கும். சொந்தக்காரர்கள் கொடுத்தனுப்பும் கறியும் அதோடு சேரும். அன்றைக்கு எங்கள் தெருவில் எந்த ஃபிரிட்ஜையும் திறக்க முடியாது, திறந்தால் மூட முடியாது. குளிரைக் கூட்டும் குமிழைக் கடைசிவரை திருகி வைத்துவிடுவார்கள். தோல் வந்து குவியும் நாள் என்பதால் வீட்டுக்காரர் மண்டியோடு கிடந்தார். நான் வாசலில் பை பையாகக் கறி கொடுத்துக்கொண்டிருந்தேன். கொங்குப் பேச்சு புழங்கும் தொப்பம்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கும் என் நாத்தனாரும் வந்திருந்தாள். அங்கே போன பிறகு அவள் பேச்சில் 'ங்க' சேர்ந்துவிட்டது, மரியாதை மட்டும் சேரவில்லை.

கூட்டம் குறைந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்தேன். நடுத்தட்டு முழுக்கக் கறிப் பொட்டலம். டப்பாவைக் காணவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஃப்ரீசர் கதவைத் திறந்தால், ஈரல் பொட்டலத்துக்கும் எலும்புப் பொட்டலத்துக்கும் நடுவில் என் பேரீச்சம்பழ டப்பா வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. பேனாவின் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தேன். மருந்து கல்லாகியிருந்தது.

"மாமி, இந்த டப்பாவ மேல வச்சது யாரு?"

"நாந்தேன்," என்றார் மாமியார். "கரண்டு போயிப் போயி வருது. ஒன் ஊசி மருந்து கெட்டுறக் கூடாதேன்னு கறியோட கறியா உள்ள வச்சேன்."

"ஊசி மருந்துன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நோம்பு முடிஞ்சு இம்புட்டு நாளாச்சு. பழம் தீராம ஒரு டப்பா இருக்குமாக்கும்?"

டப்பாவைத் திறந்து பார்த்து அவர் எப்போதோ தெரிந்துகொண்டிருக்கிறார். எனக்குக் கோபம் தலைக்கேறியது, ஆனால் அவர்மேல் பாயவும் முடியவில்லை. எங்கள் வீட்டில் எது கெடக் கூடாதோ அது ஃப்ரீசருக்குப் போகும். மருமகளின் மருந்தைக் குர்பானிக் கறிக்குச் சமமாக வைத்திருக்கிறார். அதைவிடப் பெரிய இடம் அன்றைக்கு அந்த வீட்டில் கிடையாது.

நாத்தனாருக்கு மூக்கு வியர்த்துவிட்டது. "ஏனுங்க மதினி, எதுக்குங்க ஊசி?"

மாமியார் என்னைப் பார்த்தார். சுகர் என்ற மூன்றெழுத்து நாக்கு நுனிவரை வந்தது. கையில் உறைந்த பேனா சில்லிட்டுக்கொண்டிருந்தது. ஒளித்து வைத்ததற்குக் கிடைத்த பலன் அதுதானே.

"ஒடம்பு கொறைய," என்றேன்.

"அதுக்குப் போயி ஊசியாங்க? கறியில ரெண்டு துண்டக் கொறச்சாப் போதாதுங்களா?"

"ஒனக்குக் கண்ணாடி எதுக்கு? கண்ணச் சுருக்கிப் பாத்தாப் போதாதா?"

அவள் மூக்குக்கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தபோது மருந்து உருகியிருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "தெளிவாத்தான இருக்கு. ஒறஞ்ச கறிய எடுத்து ஆக்கித் திங்கலயா? போட்டுக்க வேண்டியதுதான?" என்றார். நான் மருந்துக்கடைக்குப் போன் செய்து, அவர் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டேன். ஒருமுறை உறைந்தால் மருந்தின் குணம் கெட்டுவிடும், உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் போடக் கூடாது என்று மறுபக்கம் சொன்னார்கள்.

"பாத்தா ஒண்ணுமே தெரியலையேம்மா," என்றார் வீட்டுக்காரர்.

"ஊசி போடப்போறது ஒங்க வயித்துலயா, என் வயித்துலயா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் அறைக்குள் போய் அழுதேன். பேனா போனதற்காக மட்டும் இல்லை. முழங்காலுக்கு வந்திருந்த அந்தக் கொஞ்ச உயிரும் திரும்பப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. கண்ணைத் துடைத்ததும் பயம் போய் ஆத்திரம் வந்தது. என் உடம்பைப் பற்றி ஊரே சத்தமாகப் பேசலாம், நான் மட்டும் அதற்கான மருந்தைப் பழ டப்பாவில் ஒளிக்க வேண்டுமா? நான் என்ன திருடிக்கொண்டா வந்தேன்?

மறுநாள் காலையில் நடுத்தட்டைக் காலி செய்தேன். கறி, தயிர், மாவு எல்லாம் தரையில் இறங்கின. பேனா உறைந்து கெட்டதை டாக்டரம்மாவுக்குச் சொல்லி, புதியது வாங்கிவந்து, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற கண்ணாடி டப்பாவில் வைத்தேன். பக்கத்தில் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று. குளிர்க் குமிழைத் திருப்பி எட்டுக்குக் கீழே, இரண்டுக்கு மேலே நிற்கும்படி செய்தேன்.

"இனிமே இந்தத் தட்டுல யாரும் எதையும் வைக்கக் கூடாது. மேல ஏத்தவும் கூடாது, கீழ எறக்கவும் கூடாது."

"எறக்கி வச்ச கறிய என்ன பண்றது?" என்றார் வீட்டுக்காரர்.

"உப்புப் போட்டுக் காய வைங்க. ஒங்களுக்குத் தெரியாத வேலையா?"

மாமியார் சிரித்துவிட்டார். அன்றையிலிருந்து தட்டுக்கு அவர்தான் காவல். கொத்தமல்லிக் கட்டோடு ஃபிரிட்ஜ் பக்கம் யார் போனாலும், "நடுவுல வைக்காத," என்று தொழுகை விரிப்பான முஸல்லாவில் உட்கார்ந்தபடியே குரல் கொடுப்பார்.

சில மாதம் கழித்து நாத்தனார் மகளுக்கு நிக்காஹ் வந்தது. மாமியாரையும் கூட்டிக்கொண்டு முன்கூட்டியே போய்த் தங்க வேண்டும், என் ஊசி நாளும் அதற்குள் வந்தது. பேகம்பூர்க் கறிதான் வேண்டும் என்று நாத்தனார் கேட்டிருந்ததால் வண்டியின் பின்னால் பெரிய தெர்மாகோல் பெட்டியில் ஐஸும் கறியுமாக ஏற்றினார்கள்.

"அந்த ஐஸ்லயே ஒன் மருந்தையும் சொருகிரு. சில்லுன்னு கெடக்கும்," என்றார் வீட்டுக்காரர். மனுஷர் திருந்தவே இல்லை.

நான் என் பையைத் தனியாக வைத்திருந்தேன். உள்பக்கம் வெள்ளி பூசிய சின்னப் பை. குளிர்ந்த ஜெல் பாக்கெட்டைத் துண்டில் சுற்றி ஒரு பக்கம், பேனாவை டப்பாவோடு மறுபக்கம், ஒன்றை ஒன்று தொடாதபடி. ஊசிமுனைகள் வேறொரு கெட்டி டப்பாவில். வண்டியின் முன்பலகையில் வைக்கச் சொன்னார், அங்கே அப்பளம் பொரிக்கலாம். காலடியில் வைக்கச் சொன்னார், இன்ஜின் சூடு வரும். மடியில் வைத்துக்கொண்டேன். ஒட்டன்சத்திரத்தில் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு டீ குடிக்க இறங்கினோம். பையும் என்னோடு இறங்கியது.

"என்ன, கைக்கொழந்தையா?" என்றார்.

"ஆமா. வெயில்ல விட்டுட்டு வர்றதுக்கு எனக்கென்ன கிறுக்கா?"

கல்யாண வீட்டில் நேராக ஃபிரிட்ஜிடம் போனேன். மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர் அங்கே தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த பேனாவைப் பார்த்ததும் அவர் முகம் கனிந்தது.

"ஏனுங்க, சுகருங்களா? என்ற இன்சுலினும் இங்கதானுங்க இருக்குது. பக்கத்துலயே வெச்சுக்குங்க."

ஆமாம் என்று சொன்னால் போதும், அங்கேயே ஒரு தோழி கிடைத்துவிடுவார். நாத்தனார் அடுப்படி வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுகர் இல்லீங்க. ஒடம்பு கொறையப் போடுறேன்," என்றேன்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் ஒருதரம் பார்த்தார். பிறகு தன் இன்சுலின் டப்பாவைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார். "நல்லதுங்க. ரெண்டுக்கும் ஒரே குளிருதானுங்களே," என்றார்.

மதியத் தொழுகையான லுஹர் நேரம் வந்தது. மேல் அறையில் பெண்கள் பாய் விரித்தார்கள். கை, கால், முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து பார்த்தால், வரிசையின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாத்தனார் அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். "மதினிக்குச் சேர் போட்டாச்சுங்க," என்று அறை முழுக்கக் கேட்கச் சொன்னாள். அன்பாகத்தான் செய்தாள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான்.

முழங்காலை மெதுவாக மடக்கிப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா அனுமதி கொடுத்திருந்தார். வீட்டில் கட்டில் ஓரத்தில் தனியாக முயன்று ஒவ்வொரு தடவையும் பாதியில் பயந்து நிறுத்தியிருந்தேன். இங்கே இத்தனை பேர் முன்னால் விழுந்துவிட்டால் ஊசியையும் சேர்த்துச் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

"சேரு வேணாம். தள்ளி வையி," என்றேன்.

தொழுகையின் முதல் ரக்அத்தில், சஜ்தாவுக்காகக் கீழே இறங்கும்போது இரண்டு முழங்காலும் கத்தின. பல்லைக் கடித்துக்கொண்டேன். நெற்றி பாயைத் தொட்டது. கோரைப்பாயின் மணம், கீழே தரையின் குளிர்ச்சி. எத்தனை வருஷம். மூன்று தடவை ஓத வேண்டியதை எத்தனை தடவை ஓதினேன் என்று எனக்கே தெரியாது.

எழ முடியவில்லை. கையை நீட்டினேன், தள்ளி வைக்கச் சொன்ன அதே நாற்காலியின் கால் அகப்பட்டது. அதைப் பிடித்துத்தான் எழுந்தேன். பிடித்தால் என்ன? மறுபடி இறங்கினேன், மறுபடி பிடித்து எழுந்தேன். கடைசிவரை அப்படியே தொழுதேன்.

ஸலாம் கொடுக்கத் தலையைத் திருப்பினேன். பக்கத்தில் மாமியார். வழக்கம்போல அவர் கண் என் நாற்காலியைத் தேடியது. அது எனக்கு மறுபக்கம் காலியாகக் கிடந்தது. அதை ஒருதரம் பார்த்துவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

"ஏத்தா, கீழ போயி ஃபிரிட்ஜப் பாரு. யாராச்சும் எடம் பத்தலைன்னு இவ ஊசிய மேல ஏத்திறப் போறாக."

நாத்தனார் எழுந்து போனாள்.