அமைச்சரே வெளிநடப்புச் செய்த காலை

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது ஒரு காலைப்பொழுது நான் சுகாதாரத்துறை அமைச்சராக இருந்தேன். எங்கள் அரசியல் அறிவியல் துறை ஆண்டுதோறும் மாதிரி சட்டமன்றம் நடத்தும். கருத்தரங்கக் கூடத்தில் நாற்காலிகளை இரு பக்கமாகப் பிரித்துப் போட்டால் ஒரு பக்கம் ஆளுங்கட்சி, மறுபக்கம் எதிர்க்கட்சி. நடுவில் உயரமான நாற்காலியில் பேரவைத் தலைவர். அந்த நாற்காலிக்கு எங்கள் வகுப்பில் குரல் கணீரென்று இருந்த ஒருவனைத் தேர்ந்தெடுத்தார்கள். வேறு தகுதி எதுவும் அவனிடம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டு விவாதத்துக்குத் துறைத்தலைவி எடுத்துக்கொண்ட பொருள், மாணவர்கள் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்வதும் உயிரை விடுவதும். பயிற்சிக்காக நிஜ உறுப்பினர்கள் பேசிய வீடியோக்களை எங்களுக்கு அனுப்பிவைத்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அவற்றைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். கேட்கக் கேட்க எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் தலைவருக்கு நன்றி, பேச வாய்ப்பு தந்ததற்கு நன்றி, தொகுதி மக்களுக்கு நன்றி. பிறகு உங்கள் ஆட்சியில் எத்தனை பேர், எங்கள் ஆட்சியில் எத்தனை பேர் என்று ஒரு கணக்கு. அப்புறம் செல்போன். அப்புறம், நாங்கள் வாங்காத அடியா, நாங்கள் படாத கஷ்டமா என்ற பழங்கதை. கடைசியில், இந்தத் தலைமுறைக்கு மன உறுதி போதாது என்று தீர்ப்பு. இறந்துபோன பிள்ளைகளை எல்லாரும் மாணவச் செல்வங்கள் என்றார்கள். சிலருக்குக் குரல்கூடத் தழுதழுத்தது. உயிரோடு இருந்து தவிக்கிற பிள்ளைக்கு என்ன செய்வது என்று, நான் கேட்ட வரையில், யாரும் வாய் திறக்கவில்லை. செத்தால்தான் நாங்கள் செல்வம் போலும்.

உயிரோடு இருக்கிற ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள். பச்சைமலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தாள். நான் அவளை மலைக்காரி என்பேன், அவள் என்னைக் கோயில்காரி என்பாள். விவாதத்துக்கு மூன்று வாரம் முன்பு, அவள் கையில் இருந்த காயங்களை விடுதிக் காப்பாளர் பார்த்துவிட்டார். என்னம்மா கஷ்டம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளே அவளுடைய அப்பாவை வரவழைத்துப் பெட்டி படுக்கையோடு அனுப்பிவைத்தார்கள். "நல்லா தேறின பெறகு கூட்டிட்டு வாங்க" என்று கல்லூரி முதல்வர் சொன்னாராம். தேறிவிட்டாள் என்று யார் சொல்ல வேண்டும், யாரிடம் காட்ட வேண்டும், எதுவும் சொல்லவில்லை. எப்போதாவது பஸ் வரும் மலை அது. வீட்டில் சும்மா இருக்கிற பெண்ணைத் தை மாதத்துக்குள் கட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்று அவளே போனில் சொன்னாள். செமஸ்டர் தேர்வுக்குள் திரும்பாவிட்டால் அவள் படிப்பு அவ்வளவுதான்.

எனக்கு இதில் சொந்தக் கோபமும் இருந்தது. பிளஸ் டூ படிக்கும்போது நானும் அப்படிச் செய்தவள்தான். ஆனால் என்னை யாரும் எங்கும் துரத்தவில்லை. திருவெறும்பூர் தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டு அப்பா என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு டாக்டரம்மா ஓர் ஆண்டு முழுக்க நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டார். காயத்தைப் பற்றிக் கேட்ட உறவுக்காரர்களிடம் எண்ணெய் தெறித்துவிட்டது என்று அம்மா சொல்லிவைத்தாள். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்ற பயம். ஆனாலும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. நான் தேறி வந்தது இப்படித்தான். மன உறுதி என்று யாரும் எனக்கு ஊசி போடவில்லை.

விவாதத்தன்று சிறப்பு விருந்தினராக நிஜமான சட்டமன்ற உறுப்பினர் ஒருவரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். எங்கள் ஊர்த் தொகுதிக்காரர் அல்ல. அவருக்கு அருகில் முதல்வர். எதிர்க்கட்சி வரிசை மேசையைத் தட்டிப் பிரமாதமாகக் கத்தியது. ஒத்திகைப்படி, நான் பதில் சொன்னதும் திருப்தியில்லை என்று எதிர்க்கட்சி வெளிநடப்புச் செய்யும். வராந்தாவில் வைத்திருக்கும் டீயைக் குடித்துவிட்டு, அடுத்த தீர்மானத்துக்கு உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். நிஜத்திலும் ஏறக்குறைய அப்படித்தான் என்று துறைத்தலைவி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

அவர் எழுதிக்கொடுத்த பதில் என் கையில் இருந்தது. குழு அமைக்கப்படும், ஆய்வு செய்யப்படும், உரிய நடவடிக்கை எடுக்கப்படும். அதை மடித்து மேசையில் வைத்தேன்.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, உறுப்பினர்கள் பேசிய அந்தப் பிள்ளைகள் வேறு எங்கேயோ இல்லை. இந்த அவையிலேயே இருக்கிறோம். நானும் ஒருத்தி. எனக்குப் போய்ப் பேச ஆள் இருந்தது, அதனால் இங்கே நிற்கிறேன். இதே கல்லூரியில் இன்னொருத்தி இருந்தாள். அவளிடம் யாரும் பேசவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்."

 துறைத்தலைவி ஓரத்தில் நின்று, உட்கார் உட்கார் என்று கையைக் காட்டினார். பேரவைத் தலைவனுக்கு வேர்த்துவிட்டது. அவையில் கூச்சல் வந்தால் சொல்வதற்கு என்று அவனுக்கு ஒரு வாக்கியம் பழக்கியிருந்தார்கள். ஊசி விழுந்தால் கேட்கும் கூடத்தில் அவன் அதைச் சொன்னான்.

"அமைச்சர் பேசியது அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது."

"நீக்கிக்கோ. நான் திரும்பச் சொல்றேன்" என்று முதல் வார்த்தையிலிருந்து திரும்பச் சொன்னேன்.

சட்டமன்ற உறுப்பினர் எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டார். அவர் கெட்டவர் அல்ல. குரலில் அக்கறை இருந்தது. அதுதான் என்னை இன்னும் கொதிக்கவைத்தது.

"பாப்பா, நீ இதுலேருந்து மீண்டு வந்திருக்கே பாரு, அதப் பாராட்டுறேன். எல்லாரும் இந்தப் பொண்ணுக்கு ஒரு தரம் கை தட்டுங்க. இந்த மன உறுதிதான் இன்னிக்கு இளைஞர்களுக்கு வேணும்."

கை தட்டினார்கள்.

"கைதட்டல் வேணாங்க. அந்தப் பொண்ணு திரும்ப இங்க படிக்க வரலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க."

அவர் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் தரையைப் பார்த்தார். "அது நிர்வாகம் பாத்து முடிவெடுக்கிற விஷயம்மா. அதுல நாம தலையிடக் கூடாது" என்றார் உறுப்பினர்.

"இந்தப் பதிலில் எனக்குத் திருப்தியில்லை. வெளிநடப்புச் செய்கிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஆளுங்கட்சி அமைச்சர் வெளிநடப்புச் செய்வது எந்த வீடியோவிலும் இல்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் திருதிருவென்று விழித்தார்கள். அது அவர்களுடைய வேலையல்லவா. பிறகு விடுதிப் பெண்கள் நாலைந்து பேர் எழுந்தார்கள். அவர்கள் பின்னால் மொத்த எதிர்க்கட்சியும், அதற்குப் பின்னால் என் கட்சியும் வந்தன. டீ இருந்த வராந்தாவைத் தாண்டிப் போய் முதல்வர் அறை வாசலில் உட்கார்ந்தோம். கடைசியாகப் பேரவைத் தலைவன் வந்தான். "உள்ள யாருமே இல்ல, நான் யார அடக்குறது?" என்று சொல்லிவிட்டு எங்களோடு உட்கார்ந்தான்.

முதல்வர் வந்து முதலில் அதட்டினார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?" என்றார்.

"வீட்டுல இருக்கறப்ப ஆச்சுன்னா யார் சார் பதில் சொல்றது?" என்று விடுதிப் பெண் ஒருத்தி கேட்டாள்.  நாங்கள் எழுந்திருக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு, திங்கட்கிழமை அப்பாவோடு வரச் சொல்லுங்கள் என்றார்.

திங்கட்கிழமை கல்லூரி வாசலில் நான் காத்திருந்தேன். அவளும் அப்பாவும் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தார்கள். நான் கட்டிக்கொள்வதற்கு முன்பே அவள் சண்டையை ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டி கோயில்காரி, என்னப் பத்தி காலேஜே கூடிப் பேசுச்சாமே. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கல" என்றேன்.

"சரி விடு. உள்ள நான் பேசிக்கிறேன். நீ வாய மூடிட்டு நில்லு."

முதல்வர் அறையில் ஒரு தாள் தயாராக இருந்தது. இனி இப்படி எதுவும் செய்ய மாட்டேன், செய்தால் கல்லூரியைவிட்டு விலகிக்கொள்கிறேன் என்று டைப் செய்திருந்தார்கள். கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். அவளுடைய அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். அவள் தாளை முழுதாகப் படித்துவிட்டு மேசையிலேயே வைத்தாள்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேங்க சார்."

"ஐயா சொல்றபடி செய்யி சாமி" என்று அப்பா பதறினார்.

"இல்லப்பா. இதுல போட்டுட்டேன்னா, மறுபடி ஒரு நாள் எனக்கு மனசு சரியில்லன்னா யாருகிட்டயும் சொல்ல முடியாது. சொன்னா வெளிய போகணும். சொல்லாம உள்ளயே வச்சுக்கணும். அப்படி வச்சுத்தான் எனக்கு இப்படி ஆச்சு." அவள் அப்பாவின் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டாள். "இவ போன பெரியாஸ்பத்திரி டாக்டரம்மாகிட்ட வாராவாரம் போறேங்க சார். முடியலைன்னா அன்னிக்கே வந்து சொல்றேன்னு எழுதித் தரேன். அத எழுதித் தரேன்."

 அவள் அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதி, தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

"இது நீங்க போட வேண்டிய கையெழுத்துங்க சார். நான் வந்து சொன்னா, என்னைய வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்னு."

அவர் அதைப் படிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். மொத்தமே இரண்டு வரிதான். பிறகு பச்சை மைப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.