ஐந்து ஃபில்ஸ்

காரிமங்கலத்திலிருந்து தினமும் தருமபுரிக்கு பஸ் ஏறும் வெண்மதி, பதினோரு வருடமாக ஒரே கம்பெனியில் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தாள். உரக்கடை, ஜவுளிக்கடை, எல்லாம் ரூபாய்க் கணக்கு. போன சித்திரையில் முதலாளி ராஜப்பன் அதைக் குவைத்தில் ஒரு சூப்பர்மார்க்கெட்டுக்கு விற்றுவிட்டு வந்தார்.

"ரூபாய எடுத்துட்டு தினார்னு போடு, அவ்ளோதானே?" என்றார்.

அவ்வளவு மட்டும் இல்லை. ரூபாய்க்கு நூறு பைசா. தினாருக்கு ஆயிரம் ஃபில்ஸ். புள்ளிக்குப் பின்னால் ரூபாய்க்கு இரண்டு இலக்கம் போதும், தினாருக்கு மூன்று வேண்டும். பில், ஸ்டாக், தள்ளுபடி, நாள் முடிவுக் கணக்கு என்று எல்லா இடத்திலும் இரண்டு இலக்கத்தை நம்பியே அவள் எழுதியிருந்தாள்.

"ரெண்டு மாசம் ஆகுங்க சார்."

"பன்னெண்டு நாள்ல தர்றதா ஒத்துக்கிட்டேன்."

பன்னிரண்டு நாளில் பில் போடும் இடத்தை மட்டும்தான் ஒழுங்காக மாற்ற முடிந்தது. மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் ராஜப்பன். சோதனை முடிந்ததென்ற படிவத்தில் வெண்மதி கையெழுத்துப் போட்டாள். மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது.

புரட்டாசியில் கம்பெனி எண்ணுக்குக் குவைத்திலிருந்து போன் வந்தது.

"மாதேஸ் பேசறேங்க்கா, பென்னாகரம் பக்கம். இங்க கல்லாவுல உக்காந்திருக்கேன். தெனமும் ரெண்டு தினார், மூணு தினார் கொறையுது. நாலு மாசமா சம்பளத்துல புடிக்கறாங்க. சத்தியமா நான் ஒரு காசு தொட்டதில்லீங்க."

ஒரு நாள் கணக்கை எடுத்துப் பார்த்தாள். ரொட்டி விலை 0.125. பில்லில் அப்படியேதான் அச்சாகிறது. நாள் முடிவுக் கணக்கோ மூன்றாவது இலக்கத்துக்கு இடமில்லாமல் 0.13 ஆக்கிக்கொள்கிறது. அந்த ஊரில் ஐந்து ஃபில்ஸுக்குக் கீழே காசே கிடையாது; விலையின் மூன்றாவது இலக்கம் பூஜ்யம், இல்லையென்றால் ஐந்து. ஐந்தில் முடிகிற விலையெல்லாம் மேலேதான் ஏறின, ஒன்றுகூட இறங்கவில்லை. ரொட்டிக்கு ஐந்து ஃபில்ஸ் வீதம் நானூறு ரொட்டி விற்றால், வாங்காத இரண்டு தினாருக்கு மாதேஸ் பதில் சொல்ல வேண்டும்.

"சத்தமில்லாம சரி பண்ணிடு," என்றார் ராஜப்பன். "நம்ம தப்புன்னு எழுதிக் குடுத்தா நஷ்டஈடு கேப்பான்."

"அந்த ஆளு சம்பளத்துல புடிச்ச பணம்ங்க சார்?"

"அது அவங்க பாடு."

சரிசெய்ய ஆறு நாள் ஆனது. அதுவரை அவளும் வாயைத் திறக்கவில்லை. ஏழாம் நாள் பொறுக்கமாட்டாமல் முழுக் கணக்கையும் சூப்பர்மார்க்கெட்டுக்கு எழுதி அனுப்பினாள். திருட்டுப் பட்டம் கட்டி மாதேஸை விமானம் ஏற்றி இரண்டு நாள் ஆகிறதென்று பதில் வந்தது. பிடித்த பணத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ராஜப்பன் அவள் கையெழுத்திட்ட படிவத்தைக் காட்டித் தான் தப்பித்துக்கொண்டு, அவளை வேலையை விட்டு நிறுத்தினார்.

சூப்பர்மார்க்கெட்டுக்குத் தான் எழுதிய கடிதத்தின் நகலோடு அவள் பென்னாகரம் போனாள். மாதேஸ் வெளியே வரவில்லை. அவன் அப்பா மாரப்பன் காகிதத்தை வாங்கி, புரியாமல் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா எழுதியிருக்குது?"

"உங்க மகன் திருடலைன்னுங்க. கணக்குல தப்புன்னு."

"யாரு பண்ண தப்பு?"

கம்பெனி என்று சொல்லத்தான் நினைத்தாள்.

"நாந்தானுங்க."

அவர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "கடைசி பஸ்ஸு அஞ்சரைக்கு," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.