தண்ணீர்மலைக்கு முந்தின நாள் ரோஜாக்

சுற்றுலா வழிகாட்டியாக வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே இரண்டு முறை தாமதமாகப் போய் முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடலுக்கு அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து கிளம்பி ஃபெரி பிடித்து வர வேண்டும் என்பதெல்லாம் அவர் காதில் ஏறாது. "இன்னொரு கம்ப்ளேன் வந்துச்சு, வேற வேலை பாத்துக்கோ லா" என்று சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் மதுரையிலிருந்து பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள்.

முதல் நாள் கோட்டையைப் பார்த்துவிட்டு, பழைய சீனச் செல்வந்தர் ஒருவரின் மாளிகை மியூசியத்துக்குப் போனோம். கட்டில், கண்ணாடி, எச்சில் துப்பும் குவளை என்று ஒன்று விடாமல் விளக்கினேன். என் வாய் அப்படி. பிறகு எல்லோரும் தெருச் சுவரோவியம் ஒன்றுக்கு முன்னால் போட்டோ எடுக்க வரிசையில் நிற்க, ஒரு அக்கா மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

போன வருஷமே வர வேண்டியவராம். கிளம்பும் நேரத்தில் மகளுக்கு இதய ஆபரேஷன். மகள் பிழைத்தால் எங்கள் ஊர்த் தண்ணீர்மலை முருகனை வந்து பார்க்கிறேன் என்று நேர்ந்துகொண்டிருக்கிறார். மகள் எழுந்து நடமாடிவிட்டாள். அதற்காக ஒரு மண்டலம் சுத்த சைவம். மறுநாள் காலை மலையேறினால் விரதம் பூர்த்தி.

மத்தியான வெயிலில் எல்லோருக்கும் நா வறண்டுவிட்டது. நேராக ஒரு ரோஜாக் வண்டிக்கு அழைத்துப் போனேன். மாங்காய், அன்னாசி, கொய்யா, வெள்ளரி, மேலே கறுப்பாக ஒரு சாஸ், வேர்க்கடலைத் தூள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமையும் சாப்பிடுவோம், பழம்தானே. அக்கா தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

"இந்த சாஸு என்னம்மா, இவ்வளவு ருசியா இருக்கு? வீட்டுக்கு ஒரு டப்பா வாங்கிட்டுப் போகணும்."

எடுத்துக் காட்டலாம் என்று வண்டிக்காரரின் டப்பாவைத் திருப்பினேன். அதில் சிவப்பாக ஒரு இறால் படம். எனக்குத் தெரியாதது இல்லை. பிளாச்சான் என்கிற இறால் விழுதும் இந்தச் சாஸும் எங்கள் ஊரில் உப்பு, புளி மாதிரி. அசைவக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. அந்த நிமிஷம்தான் அக்காவின் விரதம் ஞாபகம் வந்தது.

டப்பாவைத் திருப்பி வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். சொன்னால் வேலை போகும். ஆனால் மகளுக்காக இத்தனை நாள் வாயைக் கட்டியவரை ஏமாற்றி மலைக்கு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

"அக்கா, மன்னிச்சிருங்க. இதுல இறால் இருக்கு. நான் யோசிக்காம வாங்கிக் கொடுத்துட்டேன்."

அவர் தட்டைக் கீழே வைத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு வேனின் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலையில் ஈரத் தலையோடு ஹோட்டல் வாசலில் நின்றார். "உங்க மேல ரொம்பக் கோவம்தான்" என்றார். "ஆனா நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுல்ல. முருகன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்களும் கூட ஏறுங்க."

வழக்கமாக நான் கீழே வேனிலேயே உட்கார்ந்துவிடுவேன். அன்றைக்கு மூச்சு வாங்க அவர் பின்னாலேயே ஏறினேன். முதலாளிக்குப் புகார் எதுவும் போகவில்லை. இன்றும் நான் இந்த வேலையில் இருப்பது அக்கா புண்ணியத்தில்தான். ஆனால் அதைவிடப் பெரிய நன்றிக்கடன் ஒன்று அவரிடம் எனக்கு உண்டு.

மேலே சன்னதியில் அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டார். அக்கா மகளின் பெயரைச் சொன்னார், நட்சத்திரத்தைச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களோடதும் சொல்லுங்கம்மா" என்றார்.

மெதுவாகச் சொன்னேன். நான் சொன்னது அர்ச்சகருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை, பக்கத்தில் நின்று கேட்ட அக்காதான் எனக்காகச் சொன்னார்.