குப்பை வண்டிப் பாட்டும் துவான் அக்காவின் பத்துப் பேரும்

துவான் அக்கா கீபோர்டில் கை வைத்தால் யாரோ செத்துப்போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். தைவானில் கீலூங் துறைமுகத்துக்குப் பின்னால் மலைமேல் ஏறும் எங்கள் சந்தில் சின்னப் பிள்ளைகூட இதைச் சொல்லும். முப்பது வருஷமாகச் சாவு ஊர்வல வண்டியில் வாசிக்கிறவர் அவர். லாரி முழுக்கப் பிளாஸ்டிக் பூ, வண்ண விளக்கு, நடுவில் வெள்ளைத் தொப்பியோடு அக்கா. அவர் வாசித்தால், மாமியாரைக் கண்டாலே ஆகாத மருமகள்கூட அழுதுவிடுவாள்.

நான் ஹுங். எதிரே ஸ்கூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். யார் சங்காத்தமும் வேண்டாம் என்று இருந்த என்னைப் பின்னக் கணக்கு வாத்தியார் ஆக்கியது இந்த அம்மாள்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அக்கா பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். "பாட்டுன்னா ஒரு தடவை கேட்டாப் போதும், வாசிச்சுடுவேன். பேப்பர்ல ஒரு பக்கம் படிக்க ரெண்டு மணி நேரம் ஆகுதுடா" என்பார். சந்துப் பிள்ளைகளின் அப்பா அம்மாவெல்லாம் மீன் தொழிற்சாலையிலோ குளிர்கிடங்கிலோ ஷிஃப்டு பார்ப்பவர்கள். வீட்டுப்பாடம் பாதியில் கிடக்கும், கேட்க ஆள் கிடையாது. வட்ட அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறை சும்மா கிடந்தது. அதைக் கேட்டு வாங்கினார். சாயங்காலம் ஆறு மணிக்குக் கால்மணி பாட்டு, அப்புறம் பாடம், அது என் தலையில். பாட்டைக் காட்டிப் பிள்ளைகளைப் பிடித்துப் பாடத்தில் உட்கார வைப்பது அவர் திட்டம்.

யாரும் வரவில்லை. முதல் வாரம் வந்தது பணியாரக் கடைக்காரியின் இரட்டைப் பிள்ளைகள் மட்டும். அவர்களையும் கடையில் தொல்லை தாங்காமல் அவள் தள்ளிவிட்டுப் போனாள்.

வட்டத் தலைவர் யே நல்ல மனுஷர். ஆனால் பாட்டுப் பைத்தியம். மேல்மாடியில் முதியோர் கரோக்கே கோஷ்டி நடத்துகிறார். மைக் ஒன்று, பாடகர்கள் இருபது, இடம் போதவில்லை.

"இங்க பாரும்மா துவான், மாசக் கடைசி வெள்ளிக்கிழமை நானே வந்து எண்ணுவேன். பத்துப் பேர் இருந்தா அறை உங்களுக்கு. ஒம்போதுன்னா எங்களுக்கு. நான் ஓரவஞ்சனை பண்ண மாட்டேன்" என்றார்.

அக்கா மறுநாளே ஸ்பீக்கரை ஜன்னலில் வைத்து, பிள்ளைகளைக் கூப்பிட வாசிக்க ஆரம்பித்தார். சந்தோஷமான பாட்டுதான் என்று சத்தியம் செய்தார். சந்தே அடங்கிப்போனது. எதிர் மாடியில் எண்பத்து நாலு வயது சூ மாமா ஜன்னலைத் திறந்தார்.

"துவான்! இன்னிக்கு யாரு?"

"யாரும் இல்ல மாமா, புள்ளைங்களைக் கூப்பிடறேன்."

"நல்லவேளை. என்னையோன்னு நெனச்சேன்."

மூன்றாம் வீட்டுக் கர்ப்பிணிப் பெண் அன்றைக்கே அம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். தலைவர் வந்து, நிறுத்தும்படி கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார்.

"அக்கா, சாவு வாடை அடிக்காத பாட்டு ஒண்ணுகூடவா ஒனக்குத் தெரியாது?" என்றேன்.

அக்கா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். "ஒண்ணு இருக்குடா. இந்த ஊர்ல பொறந்த அத்தனை பேருக்கும் தெரிஞ்சது. அதைக் கேட்டு யாரும் செத்ததில்ல."

குப்பை வண்டி வரும்போது அதிலிருந்து ஒலிக்குமே, அந்தப் பாட்டு. எங்கள் ஊரில் குப்பையைத் தெருவில் வைக்கக் கூடாது, அந்தப் பாட்டு கேட்டதும் பையோடு ஓடிப்போய் நாமே வண்டியில் வீச வேண்டும். ஆனால் அக்கா அவ்வளவு அசடில்லை. "புதன்கிழமை வாசிக்கறேன். அன்னிக்குத்தான் வண்டி கெடையாதே, யாரு ஏமாறப் போறாங்க?" என்றார். நியாயம்தான் என்று நானும் ஸ்பீக்கரைத் தூக்கி வைத்தேன்.

புதன்கிழமை வண்டி கிடையாது என்பது எங்கள் ஆட்களின் மூளைக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது. இரண்டாவது அடி வாசிப்பதற்குள் படபடவென்று கதவுகள் திறந்தன. தலையில் ஷாம்பு நுரையோடு ஒருத்தி, ஒற்றைச் செருப்போடு ஒருவன், கையில் ஆளுக்கு இரண்டு பை. சூ மாமா மூச்சிரைக்க மீன்முள் வாளியோடு வந்தார். தலைவர் யே மனைவி விரட்ட, பைஜாமாவோடு ஓடிவந்தார். வந்த வேகத்தில் எல்லாரும் இடித்துக்கொண்டு நின்று, மலையையும் மழையையும் பார்த்து, கடைசியில் ஜன்னலில் அக்காவைப் பார்த்தார்கள். அன்றைக்கு அவர் வாங்கிய திட்டை எழுதினால் தாள் பொசுங்கிப்போகும்.

"சாவுக்குத்தான் வாசிக்கறேன்னு பாத்தா, இப்போ உசிரோட இருக்கறவனையும் கொல்றியா?" என்றாள் ஷாம்புக்காரி.

அக்கா காதில் வாங்கவில்லை. வெளியே வந்து கூட்டத்துக்கு நடுவே குந்தி உட்கார்ந்தார். அங்கே தன் உயரத்துக்கு ஒரு பையும், சட்டையைப் பிடித்துத் தொங்கும் நாலு வயதுத் தம்பியுமாக ஒரு பெண் நின்றிருந்தாள். சி-யூன், ஐந்தாம் வகுப்பு. அவள் பின்னால் இன்னும் ஏழெட்டு உருப்படிகள், எல்லாம் பைக்குப் பின்னால் முகம் தெரியாத சைஸ்.

"ஏண்டி, வீட்டுலதானே இருக்கே? வகுப்புக்கு வந்தா என்ன?"

"வகுப்பு ஆறு மணிக்கு. வண்டி ஆறரைக்கு. அம்மா வர எட்டாகும். நான் வந்துட்டா குப்பையை யாரு போடறது? நீங்களா?" என்றாள் சி-யூன், நாங்கள் இரண்டு பேரும் மக்கு என்பதுபோல.

மக்குதான். வகுப்பு திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி. குப்பை வண்டியும் அதே நாட்கள், அதே நேரம். மூன்று வாரமாகப் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா எழுந்து நின்று, "நாளையிலேருந்து குப்பையோட வாங்கடி" என்றார்.

வந்தார்கள். அறை மூலையில் பைகள் வரிசையாக உட்கார்ந்தன. என் மூக்கு இருபது வருஷ என்ஜின் ஆயில் பார்த்த மூக்கு, அதற்கே மீன்தலை வாடை தாங்கவில்லை. ஆறரைக்கு வண்டிப் பாட்டு கேட்டதும் பின்னம் பாதியில் நிற்கும், மொத்த வகுப்பும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும், வீசிவிட்டுத் திரும்ப ஓடிவரும். அக்கா வாய்ப்பாட்டுக்கெல்லாம் மெட்டுப் போட்டார். போட்டாரே தவிர, பழக்கதோஷம் விடவில்லை. ஒன்பதாம் வாய்ப்பாட்டைப் பிள்ளைகள் கோரஸாகப் பாடினால் போகிறவர் வருகிறவர் தொப்பியைக் கழற்றினார்கள். ஆனாலும் மறக்கவில்லையே! ஏழெட்டு ஐம்பத்தாறு என்று தெரியாமல் இருந்த சி-யூன், தெருவில் அதைப் பாடிக்கொண்டு போனாள்.

சரியாகப் பத்துப் பேர் சேர்ந்தார்கள். மாசக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் இரட்டையரில் ஒருவனுக்குத் தாடை இரண்டு பக்கமும் வீங்கிவிட்டது. பொன்னுக்குவீங்கி. அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. சாயங்காலம் ஒரு பெரிய சாவு, அதற்கும் போகவில்லை. "செத்தவர் காத்திருப்பார்டா, தலைவர் காத்திருக்க மாட்டார்" என்றார். 

ஆறரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் தலைவர் பதிவேட்டோடு வந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ண ஆரம்பித்தார். நாலு சொல்வதற்குள் வண்டிப் பாட்டு. அறை காலி. தலைவர் சூன்யத்தைப் பார்த்து விரலை நீட்டியபடி நின்றார். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்து, "ஐயோ, வீட்டுக்காரி!" என்று அலறி அவரும் ஓடினார். வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்து வருவதற்குள் வண்டி போய்விட்டது. நனைந்த தலையும் போடாத குப்பையுமாக அவர் திரும்பியபோது பிள்ளைகள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு தடவை எண்ணினார். "ஒம்போது."

"சி-யூனோட தம்பி, அந்தக் குட்டிப்பையன்?" என்றேன்.

"பள்ளிக்கூடத்துலயே சேராதவன். கணக்குல வராது."

"அப்போ என்னை எழுதிக்குங்க. எனக்கு மட்டும் பின்னம் தெரியுமா என்ன?"

"நீ வாத்தியார். எனக்கு மட்டும் ஆசையா ஹுங்? மாடியில இருபது பேர் காத்துக்கிட்டு இருக்காங்க" என்று அவர் நிஜமாகவே வருத்தத்தோடு பேனாவைத் திறந்தார். அக்கா கீபோர்டின் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அப்போது ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது. சி-யூனின் அம்மா ஹான் வாசலில் நின்றாள், கையெல்லாம் மீன் செதிள். படகு வராததால் ஷிஃப்டு சீக்கிரம் முடிந்திருக்கிறது. வீட்டில் குப்பையும் இல்லை மகளும் இல்லை என்று தேடி வந்திருக்கிறாள். வியட்நாமிலிருந்து கல்யாணமாகி வந்து பன்னிரண்டு வருஷம். எங்களைவிட வேகமாகப் பேசுவாள், எங்கள் சீன எழுத்து ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது.

மேஜைகளை, பலகையை, மூலையைப் பார்த்தாள். "துவான் அக்கா, நானும் இங்க உக்காரலாமா?"

"அம்மா!" என்றாள் சி-யூன், மானம் போனாற்போல.

"பள்ளிக்கூடத்துலேருந்து வர்ற தாளையெல்லாம் இவதான் படிச்சுச் சொல்றா. டீச்சர் புகழ்ந்து எழுதியிருக்காங்கங்கறா. மாசாமாசம் இவ்வளவு புகழ்வாங்களா? நானும் நம்பி, கையெழுத்துக்குப் பதிலா என் பேர் முத்திரையைக் குத்திடறேன்."

வகுப்பே சிரித்தது. சி-யூன் மேஜைக்கடியில் போய்விட்டாள். ஹான் சிரிக்கவில்லை. "எனக்குப் படிக்கணும்" என்றாள்.

தலைவர் பேனாவை அவளிடம் நீட்டினார். பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். "பேரை எழுதும்மா."

ஹான் அவசரமாகப் பையில் முத்திரையைத் தேடினாள்.

"முத்திரை வேணாம். எழுதும்மா. நான் இருக்கேன்."

சி-யூன் மேஜைக்கடியிலிருந்து வெளியே வந்து அம்மா பக்கத்தில் நின்றாள். "கோட்டை மேலேருந்து கீழ போடும்மா. ஐயோ, அப்படியில்ல. பேனாவை இப்படியா பிடிப்பாங்க?" என்று, நான் அவளை அதட்டுகிற அதே குரலில் அதட்டினாள். மாடியில் கரோக்கே கோஷ்டி தலைவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தது. கால்மணி நேரம் ஆயிற்று.  ஹானின் பெயர் பத்தாவது வரிசையில் தொடங்கிப் பன்னிரண்டாவது வரை இறங்கி நின்றது.

"சரியா இருக்கா?" என்று மகளைக் கேட்டாள்.

சி-யூன் குனிந்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தாள். "ஒரு கோட்டை விட்டுட்டே. பரவாயில்ல, திங்கக்கிழமை வா, சொல்லித்தரேன்."

தலைவர் பேனாவை வாங்கி, மூன்று வரிசைக்கும் சேர்த்து ஒரே எண்ணாகப் பத்து என்று எழுதினார்.