விளக்கு வைக்கிற நேரத்துப் படுக்கை

தொண்ணூறுகளின் கடைசியில் என்னைப் பிடித்த அசதி, தூங்கி எழுந்தாலும் அடித்துப் போட்ட மாதிரி கிடத்தியது. ரத்தத்தில் குறையில்லை என்று டாக்டர் சொன்னதும், “சோம்பேறித்தனத்துக்கு ஏது மருந்து?” என்றார் மாமியார். அந்த வீட்டு அடுப்படியை விட்டு நகராத எனக்குத்தான் அந்தப் பட்டம்!

பழங்காநத்தத்தில் அக்குபஞ்சர் வைத்தியம் பார்க்கும் ஒரு அம்மாவிடம் போனேன். அவர் இரண்டு கையிலும் நாடி பார்த்து ஒரே ஒரு ஊசி வைத்தார். “ஒடம்பு கெஞ்சுறப்ப படுத்துரும்மா, நேரங்காலம் பாக்காத” என்றார். ஊசி வேலை செய்ததோ என்னவோ, அந்தப் பேச்சு தெம்பு கொடுத்தது.

அன்றைக்கே, விளக்கு வைக்கிற நேரத்தில், நடுவீட்டில் பாயை விரித்துப் படுத்தேன்.

“எந்திரிடி, மூதேவி வீட்டுக்குள்ள வந்துருவா!” என்று மாமியார் கத்தினார்.

“வரட்டும் அத்தை. அவளும் படுக்கப் பாயில இடம் இருக்கு” என்று கண்ணை மூடினேன்.