நாலாம் நம்பர் பிரஸ்ஸின் நோட்டு

விபத்துக்கு ஜெயில் என்று சட்டத்தில் எழுதிவிட்டால் எந்தத் தொழிற்சாலையிலும் யாருக்கும் விரல் போகாது என்று நம்பியிருந்தேன். கேன்டீனில் பிரசங்கமும் செய்திருக்கிறேன். பெங்களூரு பீன்யாவில் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் சேஃப்டி சூப்பர்வைசர் நான். பிரசங்கம் செய்வது பாதி உத்தியோகம்.

எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு பிரஸ்ஸிலும் கயிற்றில் ஒரு நோட்டு தொங்கும். மெஷின் சேட்டை செய்தால் ஆபரேட்டர் அதில் எழுதுவார். அடுத்த ஷிப்ட்காரர் படித்துவிட்டுத்தான் பெடலில் கால் வைப்பார். "இன்று மெஷினுக்கு மூடு சரியில்லை, மாமியாரைப் போல நடத்தவும்" என்றுகூட ஒருமுறை எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது.

ஒருநாள் முதலாளி வக்கீலை அழைத்து வந்தார். விபத்து நடந்தால் சிறைவரை போகலாம் என்றார் வக்கீல். முதலாளி மிரண்டுபோனார். கை உள்ளே போகாமல் தடுக்க இரண்டு வருடமாக நான் கேட்டுவந்த பாதுகாப்புக் கூண்டு அந்த வாரமே மூன்று பிரஸ்களுக்கு வந்தது. நாலாவதற்கு ஆர்டர் போட்டாயிற்று. தண்டனையால் நன்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

போகும்போது வக்கீல் சொன்னார்: "கோளாறுன்னு எழுதி வெச்சிருந்தா, தெரிஞ்சே ஓட்டுனீங்கன்னு ஆயிடும். நோட்டெல்லாம் யார் பொறுப்பு?"

முதலாளியின் விரல் என்னைக் காட்டியது.

அன்று முழுக்க மனதளவில் நான் பரப்பன அக்ரஹாரம் ஜெயிலில் இருந்தேன். உள்ளே பிரஷர் மாத்திரை தருவார்களா என்று மனைவியிடம் கேட்டேன். "மாத்திரை தருவாங்க. உங்க குறட்டைக்குத் தனி ரூம் தருவாங்களான்னு கேளுங்க" என்றாள்.

மறுநாள் எல்லா நோட்டுகளையும் அறுத்தெடுத்து என் அலமாரியில் பூட்டினேன். இனி எதுவானாலும் வாயால் சொல்லுங்கள் என்று உத்தரவு போட்டேன்.

மூன்றாம் வாரம், காலை ஷிப்ட் முடியும் நேரத்தில், கூண்டு இன்னும் வராத நாலாம் நம்பரை ஓட்டும் ராணியம்மா வந்தார். ஜோகுபாளையத்துக்காரர், பழைய கை.

"சார், ஒரு மிதிக்கு ரெண்டு அடி அடிக்குது. காலைல ஒரு வாட்டி, இப்போ ஒரு வாட்டி. நோட்டு கொடுங்க."

"நோட்டு வேணாம்மா. நான் ஃபிட்டர்கிட்ட சொல்றேன்."

"வாயால சொன்னா காத்துல போயிடும் சார்."

"எழுதினா நான் உள்ள போயிடுவேன்."

"ஓ, அப்போ கோளாறு மெஷின்ல இல்ல, நோட்டுலதானா?"

சிரித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனார். நானும் சிரித்தேன்.

ஃபிட்டரிடம் சொன்னேன். "கையில ஒரு வேலை இருக்கு சார், முடிச்சிட்டு கிளட்ச்சைப் பாக்கறேன்" என்றார். மெஷினை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஏன் நிறுத்தினேன் என்று ஒரு காகிதம் எழுத வேண்டும். அடுத்த ஷிப்ட் முருகேசனிடம் நேரில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அவர் உள்ளே வந்தபோது நான் கேன்டீனில் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தேன். சட்டத்தின் தண்டனைகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்த போஸ்டர்.

முருகேசன் பழக்கதோஷத்தில் நோட்டைத் தேடியிருக்கிறார். கயிறு மட்டும் தொங்கியது. பெடலை மிதித்தார். முதல் அடி விழுந்ததும் தகட்டை எடுக்கக் கையை விட்டார். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

விசாரணை நடந்தது. சூப்பர்வைசரிடம் முன்பே சொன்னதாக ராணியம்மா சொன்னார். எழுத்தில் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். ராணியம்மா என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான்: அந்தச் சட்டம் முதலாளியைக் கூண்டு வாங்க வைத்தது, என்னை நோட்டைப் பூட்ட வைத்தது. இரண்டையும் செய்தது ஒரே பயம்தான்.

நோட்டுகளை மறுபடி நானே கட்டினேன். கம்பெனிக்கு அபராதம் போட்டார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முருகேசன் இப்போது ஸ்டோர்ஸில் இருக்கிறார். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறார்.